சொல்லில் வைத்த படம்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு அது. ஆய்வகத்தில் மாணவர் கையில் ஒரு செய்முறைக் கையேடு இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ தட்டச்சு செய்து, படங்களைக் கையால் வரைந்து ஒட்டி, அதை நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுத்து, வழிவழியாக வந்து சேர்ந்த கையேடு. அதில் பால அலைதிருத்தியின் மின்சுற்றுப் படத்தில் நான்கு டையோடுகளுள் ஒன்று தலைகீழாக வரையப்பட்டிருந்தது.

மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசைக்குக் கொண்டுவரும் இச்சுற்றில், ஒவ்வோர் அரைச்சுற்றிலும் இரண்டு டையோடுகள் மின்னோட்டத்தைப் பளுமின்தடை வழியே அனுப்ப வேண்டும். ஒரு டையோடைத் திருப்பிப் போட்டுவிட்டால், ஓர் அரைச்சுற்றில் இரண்டு டையோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று மின்மாற்றியின் துணைச்சுற்றை நேரே இணைத்துவிடும். இடையில் மின்தடை எதுவும் இல்லை. இது குறுக்குச் சுற்று அல்லாமல் வேறென்ன?

மூத்த ஆசிரியர்களுக்கு இந்தப் பிழை தெரியும். ஆண்டுதோறும் வகுப்பு தொடங்கும்போது, ‘அந்தப் படத்தில் இடப்பக்கக் கீழ் டையோடைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாயால் சொல்லிவிடுவார்கள். அவ்வாண்டு சொல்ல வேண்டியவர் விடுப்பில் இருந்தார். எனக்குத் தெரியாது. மாணவர்கள் படத்தில் உள்ளபடியே இணைத்தார்கள். இரண்டு டையோடுகள் கருகின. மின்மாற்றியிலிருந்து புகை வந்தது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

“தப்பு என்று தெரிந்த பிறகும் ஏன் சார் அதை மாற்றவில்லை?” என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்விதான். விடை மிகவும் எளிது. மூலப்படம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதே பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்திருந்தால், அந்தச் சொல்லை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்திருப்பார்கள். படத்தை மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து வரைய வேண்டும். அதற்கு யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

எழுத்தைத் திருத்தலாம், படத்தைத் திருத்த முடியாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எழுத்து, சொல்ல வந்ததைத் தன்னுள் வைத்திருக்கிறது. படமோ, சொல்ல வந்ததன் விளைவாகிய மையை மட்டும் வைத்திருக்கிறது. ‘இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே டையோடு’ என்ற செய்தி வரைந்தவரின் தலைக்குள் இருந்தது; அவரோடு போய்விட்டது. அப்படியானால், படத்தையும் சொற்களாக எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அச்சொற்களிலிருந்து கணிப்பொறியே படத்தை வரைந்து தந்தால் என்ன? இன்று இணையப் பக்கங்களைக் கட்டுவோர் அன்றாடம் செய்வது இதைத்தான். இந்த எண்ணத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் இயற்பியலுக்கும் ஒரு நல்ல பங்கு இருக்கிறது.

வரி அச்சுப்பொறி வரைந்த படங்கள்

1950களின் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கோடு வரையத் தெரியாது. அவற்றுடன் இணைந்திருந்த வரி அச்சுப்பொறி எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே அச்சிடும். ஆனால் நிரல் எழுதுவோருக்கோ படம் தேவைப்பட்டது. எந்தக் கட்டளைக்குப் பின் எது வரும், எந்தச் சோதனையில் வழி பிரியும் என்பதைக் காட்டும் பாய்வுப்படத்தைக் கையால் வரைந்து வைத்துக்கொள்வார்கள். நிரல் நாள்தோறும் மாறும், படம் மாறாது. சில மாதங்களில் இரண்டுக்கும் தொடர்பே இராது. எங்கள் ஆய்வகக் கையேட்டின் அதே நோய்தான்.

ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஐ.பி.எம். குழுவில் லோயிஸ் ஹெய்ப்ட் என்ற பெண்மணி இருந்தார். நிரலைப் படித்து அதன் பாய்வுப்படத்தைக் கணிப்பொறியே பல படிநிலைகளில் வரைந்து தரும் ஒரு முறையை அவர் 1959இல் வெளியிட்டார். 1963இல் டொனால்டு நூத் என்ற இளைஞரும் கணிப்பொறி வரையும் பாய்வுப்படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் கணித நூல்களை அழகாக அச்சுக்கோப்பதற்கென்று ‘டெக்’ என்ற நிரலைப் படைத்த அதே நூத் தான். எழுத்திலிருந்து படத்தை உண்டாக்கும் ஆசை கணிப்பொறிக்குப் புதிதன்று என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

எழுத்துக் குறிகளையே அடுக்கிப் படம் செய்யும் வழக்கம் வேறோர் இடத்தில் நீண்ட நாள் வாழ்ந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் அமைந்தபோது, அதன் விதிகளை விவாதிக்க ‘ஆர்.எஃப்.சி.’ என்ற எண்ணிட்ட குறிப்புகள் எழுதப்பட்டன. முதற்குறிப்பை ஸ்டீவ் கிராக்கர் 1969 ஏப்ரலில் எழுதினார். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வரையறுக்கும் 791ஆம் குறிப்பு 1981 செப்டம்பரில் வெளிவந்தது. செய்திப் பொட்டலத்தின் தலைப்பகுதியில் எந்த இடத்தில் எது இருக்கும் என்பதைக் காட்டும் படம் அதில் உண்டு. கூட்டற்குறி, கழித்தற்குறி, செங்குத்துக் கோடு ஆகிய மூன்றே குறிகளால் கட்டப்பட்ட படம். எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும்; எந்த அச்சுப்பொறியிலும் அச்சாகும். அழகு போதாது என்று குறை கூறியோர் பலர். ஆயினும் அன்று எழுதப்பட்ட வேறு எத்தனையோ கோப்புகளை இன்று திறக்கவே வழியில்லை. இந்தப் படம் மட்டும் நேற்று எழுதியதுபோல் இருக்கிறது. கோடுகளாலான உண்மையான படங்களை இக்குறிப்புகளில் சேர்ப்பதற்கான வரையறைகள் 2016 டிசம்பரில்தான் வெளிவந்தன.

தொலைபேசியில் சொல்வதுபோல

1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? அதே நிறுவனத்தின் காப்புரிமைத் துறை. அங்கே தட்டச்சுப் பணியாளர்கள் காப்புரிமை விண்ணப்பங்களை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, யூனிக்ஸ் பிறந்த வீட்டில் ஆவணம் தயாரிப்பது பக்கவேலை அன்று. சோறு போட்ட வேலை.

ஜோ ஒசன்னா எழுதிய ‘டிராஃப்’ என்ற நிரல், ஆவணத்தை ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்துக்கு அனுப்பியது. எழுத்துக்குச் சரி, கணிதச் சமன்பாட்டுக்கு என்ன செய்வது? பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் 1974ஐ ஒட்டி ஒரு வழி கண்டார்கள். ஒரு சமன்பாட்டை நண்பருக்குத் தொலைபேசியில் சொல்வதானால் எப்படிச் சொல்வோம்? ‘எக்ஸ் மேல் இரண்டு, கூட்டல் ஒய், அதன் கீழ் இசட்’ என்போம் அல்லவா? அப்படியே தட்டச்சு செய்தால் போதும். பின்னக்கோட்டை எங்கே போடுவது, மேற்குறியை எவ்வளவு உயர்த்துவது என்பதை நிரல் பார்த்துக்கொள்ளும். கணிதமோ அச்சுக்கலையோ அறியாதவர்களும் விரைவில் கற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை.

சமன்பாட்டுக்குச் செய்ததைப் படத்துக்கும் செய்யலாம் என்று கெர்னிகன் துணிந்தார். 1980களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய ‘பிக்’ என்ற மொழி அப்படிப் பிறந்தது. ‘பெட்டி, அம்பு, பெட்டி’ என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதினால், இடமிருந்து வலமாக ஒரு பெட்டி, அதிலிருந்து கிளம்பும் ஓர் அம்பு, அது தொடும் இன்னொரு பெட்டி ஆகியவை அச்சில் விழும். பெட்டிக்குப் பெயர் வைக்கலாம். ‘முதற்பெட்டியின் கிழக்கிலிருந்து மூன்றாம் பெட்டியின் மேற்கு வரை அம்பு’ என்று திசை சொல்லி ஆணையிடலாம். கூர்ந்து பார்த்தால், அடுத்த அறையில் உள்ள ஓவியருக்குச் சுவருக்கு இப்பாலிருந்து படத்தைச் சொல்லிக்கொடுப்பது போன்றதுதான் இது.

இந்த நிரல்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய பகுதியை மட்டும் தொடும். ஆவணத்துக்குள் படத்தின் தொடக்கத்துக்கு ஓர் அடையாளமும் முடிவுக்கு ஓர் அடையாளமும் உண்டு. ‘பிக்’ அந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உள்ளதை மட்டும் கோடுகளாக மாற்றிவிட்டு, மற்றவற்றை அப்படியே அடுத்த நிரலுக்குத் தள்ளிவிடும். அடுத்தது அட்டவணையைக் கவனிக்கும், அதற்கடுத்தது சமன்பாட்டை, கடைசியாக டிராஃப். நீர்க்குழாய்களைப் பொருத்துவதுபோல் நிரல்களைப் பொருத்தும் இந்த ஏற்பாட்டுக்குக் ‘குழாய்’ என்றே பெயர். இணையப் பக்கம் பற்றிப் பேசும்போது இந்த ஏற்பாட்டை மீண்டும் சந்திப்போம். ஆகவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீணான காலைப்பொழுது

சொல் ஒரு கோப்பிலும் அதிலிருந்து பிறந்த படம் இன்னொரு கோப்பிலும் இருந்தால், ஒரு புதிய ஆபத்து வருகிறது. சொல்லைத் திருத்திவிட்டுப் படத்தை மறுபடி உண்டாக்க மறந்துவிடலாம்.

இதே ஆபத்து நிரல்களுக்கும் இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற ஆய்வாளர் ஒரு நாள் காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடினார். பிழையோ ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மறுபடி எந்திர மொழிக்கு மாற்ற மறந்திருந்தார், அவ்வளவுதான். பழைய நிரலையே ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் புலம்பியதைக் கேட்ட சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், 1976இல் ‘மேக்’ என்ற நிரலை எழுதினார். எந்தக் கோப்பு எதிலிருந்து பிறக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டால் போதும். மூலத்தின் திருத்த நேரம் விளைவின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டும் மேக் அந்த விளைவை மறுபடி உண்டாக்கும், இல்லையேல் தொடாது.

இதில் ஒரு வேடிக்கை. மேக் பட்டியலில் ஆணை வரிகள் இடைவெளிக் குறிகளால் அல்லாமல் ‘டேப்’ என்ற தனிக்குறியால்தான் தொடங்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் இதில் தடுக்கி விழாதவர்களே இல்லை. இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் நண்பர்கள் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய இரக்கத்துக்கு உலகமே இன்றுவரை விலை கொடுக்கிறது! 2003இல் இந்த நிரலுக்காக அவருக்கு அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கத்தின் விருது கிடைத்தது.

செங்கற் சூளையில் ஒரு கணிதர்

‘பிக்’ மொழியில் எந்தப் பெட்டி எங்கே என்பதை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். பத்துப் பெட்டிகள் என்றால் சமாளிக்கலாம். நூறு பெட்டிகளும் இருநூறு அம்புகளும் என்றால்? ‘எதனோடு எது இணைகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், எங்கே வைப்பது என்பதை நீயே பார்த்துக்கொள்’ என்று கணிப்பொறியிடம் சொல்லிவிட முடியுமா? கேட்பதற்கு எளிது. உள்ளே இறங்கினால் கணிதத்தின் கடினமான கேள்விகளுள் ஒன்று காத்திருக்கிறது.

அந்தக் கேள்வியின் கதை 1944இல் புடாபெஸ்ட் நகருக்கு அருகில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொடங்குகிறது. ஹங்கேரியக் கணிதர் பால் டூரான் யூதர் என்பதால் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். சூளைகளிலிருந்து செங்கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தண்டவாளத்தின் மீது தள்ளிக்கொண்டுபோய்க் கிடங்குகளில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சூளையும் ஒவ்வொரு கிடங்கோடும் தண்டவாளத்தால் இணைக்கப்பட்டிருந்தது. வண்டி தள்ளுவது கடினமாக இல்லை. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில்தான் வண்டி தடம்புரண்டு செங்கற்கள் சரிந்தன. நேரமும் உழைப்பும் பாழாயின. இந்த வெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துத் தண்டவாளம் போட்டிருக்கக்கூடாதா, குறைந்த அளவு எத்தனை வெட்டுகள் தவிர்க்க முடியாதவை என்று அந்தக் கைதி எண்ணிப்பார்த்தார். வண்டி தள்ளிக்கொண்டே!

மூன்று சூளைகளும் மூன்று கிடங்குகளும் இருந்தால் ஒரு வெட்டையாவது தவிர்க்க முடியாது. நான்கும் நான்கும் என்றால் 4 வெட்டுகள். ஐந்தும் ஐந்தும் என்றால் 16. தாளில் வரைந்து பாருங்கள். 16க்குக் குறைவாகக் கொண்டுவர முடியாது. போலந்துக் கணிதர் ஜாரன்கீவிச் 1950களில் பொதுவான ஒரு வாய்பாட்டைத் தந்து, நிறுவிவிட்டதாகவும் எண்ணினார். நிறுவலில் ஓட்டை இருப்பது பின்னர் தெரியவந்தது. அந்த வாய்பாடு பொதுவாகச் சரிதானா என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. எந்த ஓர் இணைப்புப் பட்டியலுக்கும் மிகக் குறைந்த வெட்டுகளைக் கண்டுபிடிப்பது, கணிப்பொறிக்கும் எளிதில் வசப்படாத கேள்விகளின் வகையைச் சேர்ந்தது என்று கேரியும் ஜான்சனும் 1983இல் காட்டினார்கள். இந்த ஜான்சன் வேறொருவர். காலைப்பொழுதை இழந்தவர் அல்லர்.

ஆக, முழுமையான விடை கிடைக்காது. ஓரளவு நல்ல விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது.

ரப்பர் வளையங்களும் சுருள்வில்களும்

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட அமைப்பைக் கோட்டுரு என்பர். வில்லியம் டட் என்ற கணிதர் 1963இல், ‘கோட்டுருவை வரைவது எப்படி’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய இராணுவத்தின் மறைமொழி ஒன்றை உடைத்துக் காட்டியவர் இவர். அவருடைய முறையை ஒரு பலகையில் செய்துபார்க்கலாம். வெளிப்புறப் புள்ளிகளை ஆணி அடித்து நிறுத்துங்கள். உள்ளே உள்ள புள்ளிகளுக்குச் சிறு வளையங்கள். எங்கெல்லாம் கோடு வேண்டுமோ அங்கெல்லாம் ஒரே மாதிரியான ரப்பரை மாட்டிவிட்டுக் கையை எடுங்கள். வளையங்கள் ஆடி அசைந்து ஓரிடத்தில் நிற்கும். நீளத்துக்கு நேர்விகிதத்தில் இழுக்கும் ரப்பராக இருந்தால், ஒவ்வொரு வளையமும் தன் அண்டைப் புள்ளிகளின் நிறை மையத்தில் வந்து நிற்கும். விசைகளின் கூடுதல் சுழி என்று எழுதிப் பாருங்கள். சராசரி தானாக வந்துவிடும். கோடுகள் வெட்டாமல் வரையத்தக்க, போதிய அளவு இறுகப் பிணைந்த கோட்டுருவாக இருந்தால், இந்த முறையில் வெட்டே இல்லாத படம் உறுதியாகக் கிடைக்கும் என்று டட் நிறுவினார்.

ஒரு குறை இருந்தது. ரப்பர் இழுக்கும், தள்ளாது. எனவே உள்ளே உள்ள புள்ளிகள் நடுவில் நெருக்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமற்போகும். ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஈட்ஸ் 1984இல் இதற்கு மருந்து கண்டார். புள்ளிகளை எஃகு வளையங்களாகவும் கோடுகளைச் சுருள்வில்களாகவும் கொள்வோம். இணைப்பில்லாத புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளட்டும். தொலைவு கூடக் கூடக் குறையும் தள்ளுவிசையை அவர் எடுத்துக்கொண்டார். சுருள்வில்லுக்கோ ஹூக் விதியை அப்படியே வைக்கவில்லை. தொலைவில் உள்ள புள்ளிகளை அது மட்டுமீறிய வலுவோடு இழுத்தது. ஆகவே மடக்கையைப் பயன்படுத்தினார். இயற்கையில் அப்படி ஒரு சுருள்வில் கிடையாது! படம் நன்றாக வந்தால் சரி என்று துணிந்து இயற்பியலை வளைத்துவிட்டார். புள்ளிகளை எங்காவது இறைத்துவிட்டு, விசையைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் சிறிதளவு நகர்த்தி, இதை நூறு முறை செய்தால் பெரும்பாலும் படம் நிலைகொண்டுவிடும். ஜப்பானில் கமாதா, கவாய் என்ற இருவர் 1989இல் எல்லாப் புள்ளிகளுக்கும் இடையே ஹூக் விதிச் சுருள்வில்களை மாட்டி, மொத்த நிலையாற்றலைச் சிறுமமாக்கினார்கள்.

என் மாணவர்களுக்கு நிலையாற்றல் சிறுமம் பற்றிச் சொல்லும்போது, கிண்ணத்தில் உருளும் கோலிக்குண்டோடு நிறுத்திவிடாமல் இதையும் சொல்வதுண்டு. குண்டு ஒரு சிறு குழியில் சிக்கிக்கொண்டால் ஆழமான பள்ளத்துக்குப் போகாது அல்லவா? இங்கும் அப்படித்தான். தொடக்கத்தில் புள்ளிகளை வேறுவிதமாக இறைத்தால் வேறொரு படம் வந்து நிற்கும்.

அம்புக்குறி உள்ள படங்களுக்கு, அதாவது முன் பின் என்ற ஒழுங்கு உள்ளவற்றுக்கு, சுருள்வில் பொருந்தாது. அவற்றுக்கு ஜப்பானியரான கோசோ சுகியாமாவும் தோழர்களும் 1981இல் வகுத்த அடுக்குமுறையே அடிப்படை. வமிசாவளிப் படத்தைப்போல் புள்ளிகளைத் தலைமுறை தலைமுறையாக அடுக்குவது; பின்னர் ஒவ்வோர் அடுக்கிலும் வரிசையை மாற்றி மாற்றி வெட்டுகளைக் குறைப்பது. பெல் ஆய்வுக்கூடத்தின் கான்ஸ்னர், நார்த், வோ ஆகியோர் இம்முறையை வளர்த்து 1988இல் ஒரு வரைநிரலை வெளியிட்டார்கள். கூட்சோஃபியோஸும் சேர்ந்து 1993இல் அதன் வளர்ச்சியாகிய ‘டாட்’ நிரலின் முறையை விளக்கினார்கள். அது இடம்பெற்றுள்ள தொகுதிக்கு இன்று ‘கிராஃப்விஸ்’ என்று பெயர். அதில் படம் எழுதுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரே ஒரு வரி:

சூளை -> கிடங்கு

அவ்வளவே. இரண்டு நீள்வட்டங்களும் ஓர் அம்பும் வந்துவிடும். எங்கே வைப்பது என்ற கவலை நமக்கு இல்லை.

தாம்பரத்தில் ஒரு கோலம்

படத்தைச் சொல்லாக்கும் இந்த முயற்சியின் ஒரு கிளை நம் ஊரிலும் முளைத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல், ஒரு சிறு கோலத்திலிருந்து அதே வகையான பெரிய கோலத்தை உண்டாக்கும் விதிகளைக் குறியீடுகளால் எழுதலாம் என்று காட்டினார்கள். நினைவிலிருந்து கம்பிக் கோலம் போடும் பெண்கள் கோட்டை ஒவ்வோர் அசைவாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும் அவர்களை ஈர்த்தது. கெர்னிகனின் ‘பிக்’ மொழிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கேட்ட கேள்வி ஒன்றே: படத்தின் வடிவத்தை எந்த அளவுக்குச் சொல்லில் அடக்கலாம்?

இணையப் பக்கம் கட்டும்போது

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். ஓர் இணையத்தளத்தின் பக்கங்களை எழுதுவோர் பலரும் அவற்றை எளிய எழுத்துக் கோப்புகளாகவே வைத்திருக்கிறார்கள். கட்டுரைக்கு நடுவே, ஓர் அடையாள வரியிட்டு, ‘சூளை -> கிடங்கு’ என்பது போன்ற படச்சொற்களை எழுதிவிடுகிறார்கள். தளத்தைக் கட்டும் நிரல் கோப்பைப் படித்துக்கொண்டே வருகிறது. அடையாளத்தைக் கண்டதும் நடுவில் உள்ள சொற்களை எடுத்துக் கிராஃப்விஸ் போன்ற வரைநிரலிடம் கொடுக்கிறது. திரும்பி வரும் படத்தை அதே இடத்தில் பொருத்திவிட்டு மேலே போகிறது. பெல் ஆய்வுக்கூடக் குழாய் ஏற்பாட்டின் பேரன் என்று இதைச் சொல்லலாம். மாறாத படச்சொற்களுக்கு மீண்டும் படம் வரைவதில்லை என்ற சிக்கனம் மேக் நிரலின் வழிவந்தது.

வரைநிரல்களும் பெருகிவிட்டன. ஆர்.எஃப்.சி. குறிப்புகளில் கண்டதுபோல் குறிகளால் அடுக்கிய படத்தைப் படித்து நேர்த்தியான கோட்டுப்படமாக்கும் ‘டிட்டா’, ஸ்டாத்திஸ் சிடெரிஸ் எழுதியது. ஆர்னோ ரோக் 2009இல் தொடங்கிய ‘பிளான்ட்-யு.எம்.எல்.’, ஸ்வீடன் நாட்டவரான க்நூட் ஸ்வெய்ட்க்விஸ்ட் 2014இல் வெளியிட்ட ‘மெர்மெய்ட்’ ஆகியவை மென்பொருள் எழுதுவோரிடையே பெரிதும் வழங்குகின்றன. நிரல்களைச் சேமித்துவைக்கும் ‘கிட்ஹப்’ தளம் 2022 பிப்ரவரி முதல் மெர்மெய்ட் சொற்களைத் தானே படமாக்கிக் காட்டுகிறது.

மெர்மெய்ட் பிறந்ததே வாசகரின் உலாவிக்குள் ஓடுவதற்காக. சொற்கள் அப்படியே வாசகரின் கைபேசிக்குப் போய், அங்கே படமாகின்றன. பக்கம் கட்டும்போதே படமாக்கிவிட விரும்புவோர், திரையில்லாத ஓர் உலாவியைத் தம் கணிப்பொறியில் ஓட்டி, அது வரைந்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள். எது நல்லது? நான் கட்டும்போதே செய்துவிடும் கட்சி. என் மாணவர்களிற் பாதிப்பேர் பழைய கைபேசியில், பேருந்தில் போகும்போது படிப்பவர்கள். ஒருமுறை நான் வரைந்து அனுப்புவதை விட்டுவிட்டு, அறுபது கைபேசிகள் தனித்தனியே அறுபது முறை வரைவானேன்?

படமாக மாறியது என்கிறோமே, அதிலும் ஒரு வியப்பு. இப்போது பெரும்பாலும் வருவது ‘எஸ்.வி.ஜி.’ என்ற வகை. 2001 செப்டம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதை ஏற்றது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளேயும் எழுத்துதான்! ‘இங்கிருந்து இதுவரை கோடு, இந்த இடத்தில் இந்தச் சொல்’ என்று எழுதியிருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதறாது.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. பெட்டியின் அகலத்தை முடிவுசெய்ய, உள்ளே வரும் சொல்லின் அகலம் வரைநிரலுக்கு முன்னதாகவே தெரிய வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிக்குள் அது ககரமும் அதைத் தொடரும் ஓர் உயிர்க்குறியும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். இதை அறியாத நிரலில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்; அல்லது புள்ளிவட்டம் ஒன்று நடுவே முளைக்கும். அறிந்த நிரலாகவே இருந்தாலும், கட்டும் கணிப்பொறியில் உள்ள எழுத்துரு ஒன்றும் வாசகரிடம் உள்ளது வேறொன்றும் என்றால், சொல் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வழியும். என் முதற்படத்தில் ‘மின்மாற்றி’யின் ‘றி’ பெட்டிக்கு வெளியேதான் நின்றது. கட்டும்போதே எழுத்தை வெறும் வளைகோடுகளாக மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் பிறகு அந்தச் சொல்லைத் தேடவும் முடியாது, பார்வையற்றவருக்குக் கணிப்பொறி படித்துக் காட்டவும் முடியாது.

இன்னொரு விலையும் உண்டு. இடத்தைக் கணிப்பொறியின் பொறுப்பில் விட்டுவிட்டால், புதிதாக ஒரே ஓர் அம்பைச் சேர்த்தாலும் மொத்தப் படமும் புரண்டு படுக்கக்கூடும். நேற்றுவரை இடது மேல் மூலையில் பார்த்துப் பழகிய பெட்டி இன்று நடுவில் இருக்கும். படிப்பவரின் மனத்தில் பதிந்த படம் கலையாமல் திருத்துவது எப்படி என்று ஈட்ஸ், சுகியாமா முதலியோர் 1990களில் ஆராயத் தொடங்கினார்கள். முழுத்தீர்வு இல்லை.

மின்சுற்றுப் படத்தில் இது ஏற்க முடியாத விலை. பால அலைதிருத்தியைச் சாய்சதுர வடிவில் பார்த்துப் பழகிய மாணவருக்கு, அதையே நேர்வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் அடையாளம் தெரியாது. ஆகவே கையேட்டை மறுபடி எழுதியபோது கிராஃப்விஸை விட்டுவிட்டு, பழைய ‘பிக்’ மொழிக்கே போனேன். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுவைட் ஆப்லெவிச், மின்தடை, மின்தேக்கி, டையோடு முதலியவற்றுக்கான சொற்களை அம்மொழிக்குச் செய்து வைத்திருக்கிறார். டட் பேராசிரியராக இருந்ததும் அதே பல்கலைக்கழகம்தான்.

கையேட்டின் பால அலைதிருத்தி இப்போது பதினெட்டு வரிகளில் இருக்கிறது. நான்கு டையோடுகளுக்கும் பெயர் உண்டு. ஒவ்வொன்றும் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்று எழுதியிருக்கிறது. சென்ற ஆண்டு, கேள்வி கேட்ட அதே மாணவி முதுகலை முடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்திருந்தார். வரிகளைப் படித்தவர், பளுமின்தடையின் மதிப்பு பாடநூலில் வேறாக இருக்கிறதே என்றார். பார்த்தேன், அவர் சொன்னது சரி. ஓர் எண்ணை மாற்றி, கட்டும் ஆணையைக் கொடுத்தேன். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அறுபது பக்கங்களும் அச்சுக்குத் தயாராக இருந்தன; அவற்றில் ஒரே ஒரு படம் மட்டும் புதிது.